விண்ணை நோக்கிய இசைவாணர்

வயிற்றுப் பிழைப்புக்காகச் செய்யும் தொழில் ஒன்று. உள்ள நிறைவுக்காகச் செய்யும் தொழில் வேறொன்று. இவ்விரண்டும் ஒன்றாகவே அமையப் பெற்றவர் சிலரே. ஏனையோர் பகல் முழுவதும் தம் கடமையைச் செய்துவிட்டு, எஞ்சிய சிறுபொழுதைத் தம் மனம் விழைந்த ஒன்றில் செலவிடுகின்றனர். ஒருவர் தபால்தலை சேர்க்கிறார். ஒருவர் பூச்செடி வளர்க்கிறார். மற்றொருவர் மொட்டைமாடியில் ஏறி விண்மீன்களைப் பார்த்துக் கொண்டிருக்கிறார். இவற்றுள் வானம் பார்ப்பதே செலவும் தொல்லையும் அற்றது என்று எண்ணத் தோன்றும். அண்ணாந்து நோக்குவதற்கு யார் கூலி கேட்கப் போகின்றனர்? ஆயினும், இசை கற்பித்து வாழ்ந்த ஒருவர் ஓய்வு நேரத்தில் வானத்தை நோக்கத் தொடங்கியபோது, அப்பொழுதுபோக்கு அவருடைய வீட்டையும், உறக்கத்தையும், உடன்பிறந்தாரையும் சிறிது சிறிதாகத் தனக்கே உரியனவாக்கிக் கொண்டது. அவரே வில்லியம் ஹெர்ஷல்.

ஜெர்மனி நாட்டின் வடபகுதியிலுள்ள ஹனோவர் நகரில் 1738ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் ஐசக் ஹெர்ஷல், படைப்பிரிவு ஒன்றன் இசைக்குழுவில் ஓபோ வாசித்து வந்தார். ஓபோ என்பது நாகசுரத்தைப் போலச் சீவாளி பொருத்தி ஊதப்படும் குழற்கருவி. பொருளில் எளியவரேனும் அவர் அறிவில் எளியவர் அல்லர். இரவு உணவுக்குப்பின் மைந்தர்களோடு அமர்ந்து இசையைப் பற்றியும் தத்துவத்தைப் பற்றியும் நெடுநேரம் உரையாடுவார். நியூட்டன், லைப்னிட்ஸ் என்னும் பேரறிஞர்களின் பெயர்கள் அவ்வெளிய வீட்டில் உரக்க ஒலிக்கும். உறங்கும் சிறு குழந்தைகள் விழித்துக்கொள்வார்களே என்று அன்னையார் கடிந்துகொள்வதும் உண்டு. பனி பெய்யும் தெளிந்த இரவுகளில் குழந்தைகளை வெளியே அழைத்துச் சென்று விண்மீன் கூட்டங்களைக் காட்டும் வழக்கமும் தந்தையாருக்கு இருந்தது.

பதினான்காம் வயதிலேயே வில்லியம் தந்தையாரின் இசைக்குழுவில் சேர்ந்தார். அந்நாளில் ஹனோவரை ஆண்டவரே இங்கிலாந்துக்கும் மன்னராக விளங்கினார். பிரெஞ்சுப் படை ஹனோவர் நாட்டின்மீது பாய்ந்தபோது, 1757ஆம் ஆண்டில் ஹாஸ்டன்பெக் என்னுமிடத்தில் பெரும்போர் நிகழ்ந்தது. பீரங்கிக் குண்டுகள் விழும் களத்தில் இசைவாணருக்கு என்ன வேலை? தந்தையாரின் அறிவுரைப்படி வில்லியம் படையை விட்டு நீங்கி இங்கிலாந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை பத்தொன்பது. இலண்டன் மாநகரில் பிறர் இயற்றிய இசைக்குறிப்புகளைப் படியெடுத்துக் கொடுத்து வயிறு வளர்த்தார். பின்னர் வடபகுதி நகரங்களில் இசை கற்பித்தும், இசையரங்குகள் நடத்தியும், தாமே இசைக்கோவைகள் இயற்றியும் சில ஆண்டுகள் கழித்தார். 1766ஆம் ஆண்டில் பாத் என்னும் நகரிலிருந்த புதிய வழிபாட்டுக் கூடம் ஒன்றில் ஆர்கன் வாசிக்கும் பதவி அவரைத் தேடி வந்தது.

பாத் நகரம் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போனது. நீராடி நோய் தீர்க்க வரும் செல்வர்கள் மாலை நேரங்களில் இசையும் கூத்தும் நாடினர். ஆகவே, திறமையுள்ள இசைவாணருக்கு அங்கே ஊதியத்திற்குக் குறைவில்லை. ஹெர்ஷல் வாரம் ஒன்றுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட பாடங்கள் கற்பித்தார். இவ்வாறு நல்வாழ்வு பெற்றவர், ஹனோவரில் அடுப்பங்கரையே உலகமாக வாடிக்கொண்டிருந்த தம் தங்கை கரோலினை 1772ஆம் ஆண்டில் தம்மோடு அழைத்து வந்தார்.

கரோலினைப் பற்றி இங்கே கூறவேண்டும். அவரைக் கூறாமல் ஹெர்ஷலின் கதை நிறைவுறாது. இளமையில் அம்மை கண்டு முகத்தில் வடு விழுந்தது. பத்தாம் வயதில் கொடிய காய்ச்சல் ஒன்று தாக்கியதால் அவருடைய வளர்ச்சி நின்றுவிட்டது. நாலேகால் அடி உயரத்திற்கு மேல் அவர் வளரவில்லை. வீட்டு வேலை தவிர வேறெதுவும் இப்பெண்ணுக்கு வேண்டா என்பது அன்னையாரின் கருத்து. மகளை விடுவிக்க அன்னையார் எளிதில் இசையவில்லை. அவளுக்கு மாற்றாக வேலையாள் ஒருத்தியை அமர்த்திக்கொள்ள ஆண்டுதோறும் பணம் அனுப்புவதாக வில்லியம் வாக்களித்த பின்னரே தங்கை புறப்பட முடிந்தது. வழிநெடுக, திறந்த வண்டியின் மீதமர்ந்து விண்மீன் கூட்டங்களின் பெயர்களை அண்ணன் சொல்ல, தங்கை கேட்டுக்கொண்டு வந்தார். பாத் நகரில் அண்ணனிடம் இசை பயின்று, சில ஆண்டுகளிலேயே அரங்குகளில் முதன்மைப் பாடகியாக விளங்கினார்.

ஹெர்ஷலை வானநூலுக்கு இழுத்துச் சென்றது இசையே என்றால் வியப்பாக இருக்கும். ராபர்ட் ஸ்மித் என்னும் அறிஞர் இசையின் கணக்குகளை விளக்கி எழுதிய நூலை அவர் விரும்பிப் படித்தார். அதே ஆசிரியர் ஒளியியலைப் பற்றியும் ஒரு பெருநூல் எழுதியிருந்தார். அதனைப் படித்தபோது தொலைநோக்கி செய்யும் முறைகள் அவர் கண்ணில் பட்டன. பிறர் எழுதியதை நம்பி இருந்துவிட அவர் மனம் ஒப்பவில்லை. தாமே கண்டறிய வேண்டும் என்னும் வேட்கை பிறந்தது. 1773ஆம் ஆண்டு மே மாதத்தில் வானநூல் ஒன்றை விலைக்கு வாங்கினார். அப்போது அவருக்கு அகவை முப்பத்து நான்கு.

முதலில் கண்ணாடி வில்லைகள் வாங்கி, குழாயில் பொருத்திப் பார்த்தார். பெரிதாகக் காட்டும் வில்லைக்கு நீண்ட குழாய் வேண்டும். பன்னிரண்டு அடி, பதினைந்து அடி, முப்பது அடி எனக் குழாய்கள் நீண்டன. அவ்வளவு நீளமான குழாயை ஒரு விண்மீனை நோக்கி அசையாமல் பிடிப்பது ஆகக்கூடிய செயலா? காற்றில் அது வளையும். கை பட்டால் நடுங்கும். மீன் கண்ணை விட்டு ஓடிவிடும். சலிப்புற்ற ஹெர்ஷல், குழியாடியைக் கொண்டு ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி ஒன்றை வாடகைக்கு வாங்கி வந்தார். அது கையாள எளிதாயிருந்தது. ஆனால், அதனினும் பெரிய ஆடியின் விலையை விசாரித்தபோது, அஃது அவருடைய ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாக இருந்தது. இந்நிலையில் ஆசையை அடக்கிக்கொண்டு அமைவோரே பலர். ஹெர்ஷலோ, ஆடி தேய்க்கும் வேலையைப் பொழுதுபோக்காகச் செய்து கைவிட்ட ஒருவரிடமிருந்து கருவிகளை வாங்கி, தாமே தேய்க்கத் தொடங்கினார்.

அக்காலத்து ஆடிகள் கண்ணாடியால் ஆனவை அல்ல, உலோகத்தால் வார்க்கப்பட்டவை. வெண்கலத்தைப் போலவே செம்பும் வெள்ளீயமும் கலந்தவை. எனினும், வெள்ளீயத்தின் பங்கு மிகுதியாதலால் வெண்மையாக ஒளிரும். அதனாலேயே எளிதில் வெடிக்கவும் செய்யும். வார்த்த வட்டத்தைக் கரடான தூளிட்டுத் தேய்த்துச் சிறிதளவு குழிவாக்க வேண்டும். பின்னர்க் கீல் பூசிய கருவியால் மெருகிட வேண்டும். குழிவின் வடிவம் தலைமயிரின் பருமனில் மிகச் சிறிய ஒரு பங்கு பிறழ்ந்தாலும் விண்மீன் புள்ளியாகத் தோன்றாமல் மங்கிய பொட்டாகத் தோன்றும். பிறகென்ன? மீண்டும் தொடக்கத்திலிருந்து தேய்க்க வேண்டியதே. மெருகிடும்போது இடையில் கையை எடுத்தால் வடிவம் கெட்டுவிடும் என்று ஹெர்ஷல் கருதினார். ஒருமுறை தொடர்ந்து பதினாறு மணி நேரம் கையெடாமல் மெருகிட்டார். அவ்வேளைகளில் கரோலின் அருகிலிருந்து கதைநூல்களைப் படித்துக் காட்டுவார். உணவைச் சிறுசிறு துண்டுகளாக்கி அண்ணன் வாயில் ஊட்டுவார்.

வீடு பட்டறையாயிற்று. விருந்தினரை வரவேற்கும் கூடத்தில் தச்சர் ஒருவர் குழாயும் தாங்கியும் செய்தார். படுக்கையறை ஒன்றில் இளவல் அலெக்சாந்தர் கடைசல் எந்திரத்தை நிறுவினார். இசையரங்கிலிருந்து திரும்பும் ஹெர்ஷல், உடை மாற்றுவதற்குக்கூடப் பொறுக்காமல் பட்டறைக்குள் புகுவார். அரங்கிற்கென அணிந்த சரிகைக் கைப்பட்டிகள் கிழிந்தும் கீல் படிந்தும் பாழாகும். தூய்மையும் ஒழுங்கும் விரும்பிய கரோலினுக்கு இவையெல்லாம் எவ்வளவு வருத்தம் தந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

1774ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில், தம் கையால் செய்த ஐந்தரை அடி நீளத் தொலைநோக்கியில் சனிக்கோளின் வளையத்தையும், ஓரியன் கூட்டத்திலுள்ள ஒண்முகிலையும் அவர் கண்டார். ஒண்முகில் என்பது வானில் வெண்புகை போலத் தோன்றும் ஒளிப்படலம். அவற்றைப் பிறர் முன்னரே கண்டுள்ளனர், படமும் வரைந்துள்ளனர். ஆயினும், தாமே வார்த்து, தாமே தேய்த்த ஆடியில் சனியின் வளையம் மெல்லிய பொற்கோடாக மிதப்பதைக் காணும் இன்பம் படம் பார்ப்பவர்க்கு வாய்ப்பதில்லை. அவ்வின்பத்தை ஒருமுறை நுகர்ந்தவர் அதனை விட்டு மீள்வது அரிது, ஹெர்ஷலும் மீளவில்லை. ஆடிக்குமேல் ஆடியாகத் தேய்த்துக்கொண்டே சென்றார்.

தேய்த்து முடித்துவிட்டால் துன்பம் ஒழிந்தது என்று எண்ணலாகாது. இங்கிலாந்து முகில் சூழ்ந்த நாடு. நிலவற்ற நல்லிரவுக்காகக் காத்திருந்தால், மாலையில் தெளிந்திருந்த வானம் நள்ளிரவில் மூடிக்கொள்ளும். வானம் தெளிந்திருந்தாலும் காற்று அலைந்தால் விண்மீன்கள் கொதிநீர்போல நடுங்கும். பனிக்காலத்தில்தான் இரவு நெடிது. ஆனால், அப்போது மைக்கூட்டிலுள்ள மையும் உறைந்துவிடும். ஈரக்காற்றில் ஆடி களிம்பேறி மங்கும்; அதனை மீண்டும் மெருகிட வேண்டும்; மெருகிடும்போது வடிவம் கெடினும் கெடும். இதனால், ஒன்று பார்வைக்கும் மற்றொன்று மெருகிடுவதற்குமாக இரண்டு ஆடிகள் வைத்துக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. ஒருமுறை கடுங்குளிர் தாங்காமல் ஓர் ஆடி இரண்டாகவே வெடித்துவிட்டது.

1779ஆம் ஆண்டின் இறுதியில் ஓரிரவு, தம் வீட்டின் முன்புறத் தெருவில் ஏழடித் தொலைநோக்கியை நிறுத்தி, திங்களை நோக்கிக்கொண்டிருந்தார். அவ்வழியே சென்ற ஒருவர் நின்று, தாமும் ஒருமுறை பார்க்கலாமோ என்று கேட்டார். பார்த்தவர் வியந்து, மறுநாட் காலையிலேயே வீடு தேடி வந்து நன்றி கூறினார். அவர் வில்லியம் வாட்சன் என்னும் மருத்துவர். இராயல் சொசைட்டி என்னும் புகழ்பெற்ற அறிவியற் கழகத்தின் உறுப்பினர். அதுவரை தனியே உழைத்து வந்த இசைவாணருக்கு அறிவியல் உலகத்தின் கதவு இவ்வாறு தெருவிலே திறந்தது.

ஹெர்ஷலின் நோக்கம் புதுக்கோள் காண்பது அன்று. விண்மீன்கள் எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதை அறியவே அவர் விழைந்தார். அருகருகே தோன்றும் இரண்டு மீன்களுள் ஒன்று அண்மையிலும் மற்றொன்று மிகச் சேய்மையிலும் இருக்குமாயின், பூமி சூரியனைச் சுற்றும்போது அவற்றின் இடைவெளி சிறிது மாறித் தோன்றவேண்டும்; அம்மாற்றத்தை அளந்தால் தொலைவு விளங்கும். இக்கருத்தை முன்னரே கலிலியோ கூறியிருந்தார். ஆகவே, இரட்டை மீன்களைத் தேடி வானம் முழுவதையும் ஒவ்வொரு மீனாக ஆராய்ந்துகொண்டு சென்றார் ஹெர்ஷல்.

1781ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 13ஆம் நாள் செவ்வாய்க்கிழமை. இரவு பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடைப்பட்ட நேரம். பாத் நகரில், நியூ கிங் தெருவிலுள்ள தம் வீட்டின் பின்புறத் தோட்டத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். ஏழடித் தொலைநோக்கி, மிதுன ராசிக்கும் இடப ராசிக்கும் இடைப்பட்ட பகுதியை நோக்கியிருந்தது. சிறு மீன்களிடையே ஒன்று மட்டும் சற்றே பெரிதாகத் தோன்றியது. அவர் 227 மடங்கு பெருக்கிக் காட்டும் கண்வில்லையை எடுத்துவிட்டு, 460 மடங்கும் 932 மடங்கும் பெருக்கும் வில்லைகளை மாற்றிப் பார்த்தார். மற்ற மீன்கள் புள்ளிகளாகவே நின்றன. இதுவோ வில்லைக்கேற்ப வட்டமாக விரிந்தது. ஆகவே, இது விண்மீன் அன்று. நான்கு நாள் கழித்து மீண்டும் நோக்கினார். அஃது இடம் பெயர்ந்திருந்தது. வால்மீன் ஒன்றைக் கண்டதாகவே எண்ணி அறிவியற் கழகத்துக்கு எழுதினார்.

அது வால்மீன் அன்று. பல நாட்டுக் கணக்கியலாரும் அதன் நெறியைக் கணக்கிட்டனர். வால்மீனைப்போல நீண்டு வளைந்த பாதையில் அது செல்லவில்லை. சனிக்கும் அப்பால், பூமியைப்போல ஏறத்தாழப் பத்தொன்பது மடங்கு தொலைவில், வட்டத்தையொத்த பாதையில் சூரியனைச் சுற்றி வந்தது. மாந்தர் வானத்தை நோக்கத் தொடங்கிய நாள்முதல் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி என்னும் ஐந்தே கோள்கள் அறியப்பட்டிருந்தன. ஆறாவதொன்று உண்டு என்பதை ஒருவரும் கனவிலும் கருதியதில்லை. சூரியக் குடும்பத்தின் எல்லை ஓரிரவில் இரு மடங்காகிவிட்டது. தம்மை ஆதரித்த மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரையே ஹெர்ஷல் அதற்கு இட்டார். பிற நாட்டார் அதனை ஏற்கவில்லை. போடே என்னும் ஜெர்மானிய வானநூலார் சொல்லிய யுரேனஸ் என்னும் பெயரே நிலைத்தது.

இக்கோளை அவருக்கு முன் யாரும் கண்டிலரோ எனில், கண்டனர். 1690ஆம் ஆண்டிலேயே பிளாம்ஸ்டீடு என்னும் அறிஞர் இதனைக் கண்டு, விண்மீன் எனக் குறித்துவைத்தார். பிரெஞ்சு நாட்டு லெமொன்னியே பன்முறை கண்டும் அறிந்திலர். அரசாங்கக் கூடங்களில் சிறந்த கருவிகளோடு அமர்ந்திருந்தவர்களுக்குப் புலப்படாதது இசையாசிரியர் ஒருவருக்குப் புலப்பட்டது எங்ஙனம்? நற்பேறு என்று சிலர் கூறினர். அஃது உண்மையன்று. அவருடைய ஆடி அவர்களுடையதைவிட நன்று. அதனினும் மேலாக, ஏழாண்டுகள் இரவுதோறும் பழகிய கண் அவருடையது. வீணை பயில்பவர்க்கு விரல் பழகுவதுபோல, வானம் பார்ப்பவர்க்குக் கண் பழகவேண்டும்.

புகழ் வந்தபோது ஐயமும் உடன்வந்தது. தம் கருவி ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கும் என்று அவர் எழுதியதை நம்பாதார் பலர், நகைத்தாரும் உளர். 1782ஆம் ஆண்டில் அவர் தம் ஏழடித் தொலைநோக்கியைக் கிரீனிச்சிலிருந்த அரசாங்க வானாய்வுக் கூடத்திற்கு எடுத்துச் சென்றார். அங்கிருந்த கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, வீட்டில் செய்யப்பட்ட அதுவே சிறந்தது எனத் தெரிந்தது. நகைப்பு ஓய்ந்தது. மன்னர் ஆண்டுக்கு 200 பவுன் ஊதியம் வழங்கி அவரைத் தம் வானநூலாராக அமர்த்தினார். இசையால் அவர் ஈட்டியதில் ஏறத்தாழப் பாதியே இது. எனினும், அவர் தயங்காமல் ஏற்றார். பொழுதுபோக்காக இருந்ததே தொழிலாயிற்று.

புதுக்கோள் கண்ட அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நிகழ்ந்தது ஒன்று குறிப்பிடத்தக்கது. மூன்றடி அகலமுள்ள ஆடியை வார்க்க அவர் விரும்பினார். அவ்வளவு பெரிய ஆடியை எந்த வார்ப்படச் சாலையாரும் வார்த்துத் தர முன்வரவில்லை. வீட்டின் அடித்தளத்திலேயே உலையமைத்தார். குதிரைச் சாணத்தையும் களிமண்ணையும் இடித்துச் சலித்து அச்சு செய்ய வேண்டும். அவ்வேலையில் பெரும்பங்கு கரோலினுடையது. முதல் வார்ப்பு ஆறும்போது வெடித்தது. இரண்டாம் முறை 500 இராத்தலுக்கு மேற்பட்ட உலோகம் உருகிக்கொண்டிருந்தபோது உலையில் கசிவு கண்டு, தீக்குழம்பு கற்றளத்தின்மீது பாய்ந்தது. சூடேறிய கற்கள் வெடித்துக் கூரைவரை தெறித்தன. அனைவரும் உயிர் தப்ப ஓடினர். வெம்மையாலும் களைப்பாலும் சோர்ந்த ஹெர்ஷல் செங்கற் குவியல் ஒன்றன்மேல் வீழ்ந்தார். உயிரிழப்பு நேரவில்லை, அவ்வாடி மட்டும் கைவிடப்பட்டது.

மன்னரின் அரண்மனைக்கு அருகிலுள்ள டாட்செட் என்னும் சிற்றூருக்கும், பின்னர் 1786ஆம் ஆண்டில் ஸ்லௌ என்னும் ஊருக்கும் அவர்கள் குடிபெயர்ந்தனர். இருபதடித் தொலைநோக்கியின் உயரத்தில் மேடை கட்டி, ஹெர்ஷல் அதன்மேல் நின்று கண்டதைக் கூவுவார். கீழே மேசையருகில் அமர்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக் கரோலின் எழுதுவார். ஓரிரவு பெருங்காற்றில் அம்மேடை முழுவதும் சரிந்தது. ஹெர்ஷல் இறங்கித் தரையில் கால் வைத்த சில நொடிகளில் அது நிகழ்ந்தது. 1783ஆம் ஆண்டின் கடைசி இரவில், உருகும் பனியில் இருட்டில் ஓடிய கரோலினின் தொடையில் இரும்புக் கொக்கி ஒன்று ஆழப் பாய்ந்தது. பணியாளர் தூக்கி விடுவித்தபோது தசையின் ஒரு பகுதி கொக்கியிலேயே தங்கிவிட்டது. அப்பெருமாட்டியாரோ, அன்றிரவின் எஞ்சிய நேரம் முகில் மூடியிருந்தமையால் அண்ணனுக்கு இழப்பு ஏதும் இல்லை என்று ஆறுதல் கொண்டார்.

இவ்வாறு உழைத்து 2500 ஒண்முகில்களையும் மீன்கூட்டங்களையும் அவர்கள் பதிவு செய்தனர். அதற்குமுன் அறியப்பட்டவை ஏறக்குறைய நூறே. 1787ஆம் ஆண்டில் யுரேனசின் இரு துணைக்கோள்களையும், 1789ஆம் ஆண்டில் சனியின் இரு துணைக்கோள்களையும் ஹெர்ஷல் கண்டார். 1800ஆம் ஆண்டில், கதிரவன் ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, நிறங்களில் வெப்பமானியை வைத்து ஆராய்ந்தபோது, சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குப் புலப்படாத வெப்பக் கதிர்கள் உள்ளமையைக் கண்டறிந்தார். அவர் கண்டதெல்லாம் மெய்யுமன்று. திங்களிலும் கதிரவனிலுங்கூட உயிர்கள் வாழ்வதாக நம்பினார். யுரேனசுக்கு மேலும் நான்கு துணைக்கோள்கள் கண்டதாக 1798இல் அறிவித்தார்; அவை கண் மயக்கமே. யுரேனசைச் சுற்றி வளையம் உளதோ என்றும் ஒருகால் ஐயுற்று, பின் இல்லையென விட்டுவிட்டார். அவ்வளையங்கள் உள்ளமை 1977ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள், விண்மீன் ஒன்றை யுரேனசு மறைத்தபோது தெரிய வந்தது. அன்று அம்மறைப்பைக் கண்டு பதிவு செய்த இடங்களுள் தமிழ்நாட்டின் சவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வுக் கூடமும் ஒன்று.

தொடக்கத்தில் அவர் தேடிய விண்மீன் தொலைவு என்னாயிற்று? அது கைகூடவேயில்லை. இருபதாண்டுகளுக்குப்பின் அதே இரட்டை மீன்களை மீண்டும் அளந்தார். புனர்பூச மீன்களுள் ஒன்றான காஸ்டர் முதலிய பலவற்றில் இடைவெளி மாறியிருந்தது. ஆனால், அவர் எதிர்பார்த்த வகையில் அன்று. அவ்விரண்டு மீன்களும் ஒன்றையொன்று சுற்றி வந்தன! சேய்மையும் அண்மையுமாக இருப்பன என்று கருதப்பட்டவை உண்மையில் இணைபிரியாத் துணைகளாக இருந்தன. நியூட்டனின் ஈர்ப்பு விதி விண்மீன் உலகிலும் செல்லும் என்பதற்கு அதுவே முதற்சான்று. தேடியது கிட்டாமல், தேடாதது கிட்டியது. ஹெர்ஷலும் அதைப் பற்றி வருந்தியவரல்லர்.

அவர் பெரிதும் நம்பியது நாற்பதடித் தொலைநோக்கியை. மன்னர் அதற்கு 4000 பவுன் அளித்தார். குழாய் இன்னும் நிறுத்தப்படாமல் தரையில் கிடந்தபோது, வந்தவரெல்லாம் அதனுள் நடந்து பார்த்தனர். மன்னரே தலைமைக் குருவைக் கைப்பற்றி உள்ளே அழைத்துச் சென்றார். 1789ஆம் ஆண்டில் நிறைவெய்திய அதன் ஆடி நான்கடி அகலம். எடை ஒரு டன்னை ஒட்டியது. உலகில் அதனினும் பெரிய தொலைநோக்கி அன்று இல்லை. ஆனால், அதைத் திருப்புவதற்கே ஆட்கள் பலர் வேண்டும். ஆயத்தம் செய்வதற்குள் இரவின் நல்ல பகுதி கழிந்துவிடும். ஆடியும் விரைவில் மங்கும். நாற்பதடியைக் காணத் தொலைநாடுகளிலிருந்து மக்கள் வந்தனர். ஹெர்ஷலோ இருபதடியிலேயே வேலை செய்தார். பெருங்கருவியே நற்கருவி என்று எண்ணும் மயக்கம் அப்பேரறிஞரையும் விட்டதில்லை.

அண்ணனின் பணிக்காகக் கரோலின் தம் இசையை விட்டுவிட்டார். வேறோர் அரங்கில் பாட அழைப்பு வந்தபோதும், அண்ணன் நடத்தும் இசையன்றிப் பாடேன் என்று மறுத்தவர் அவர்; அண்ணன் இசையை விட்டதும் அவருடைய குரலும் அரங்கை விட்டது. வாய்பாடு மனத்தில் நில்லாமையால் தாளில் எழுதிக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான கணக்குகளைப் பிழையறச் செய்தார். அண்ணன் ஊரில் இல்லாதபோது, 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், சிறு தொலைநோக்கியில் தாமே ஒரு வால்மீனைக் கண்டார். பின்னர் ஏழு கண்டார். 1787ஆம் ஆண்டில் மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் ஊதியம் அளித்தார். மறு ஆண்டில் ஹெர்ஷல் மணம் புரிந்துகொள்ளவே, கரோலின் வேறிடத்தில் குடியேறினார். அதன்பின் பத்தாண்டுகளின் நாட்குறிப்பை அவர் அழித்துவிட்டார். அவர் மனம் பட்ட பாட்டை ஒருவாறு ஊகிக்கலாம். ஆயினும், வானம் தெளிந்த இரவுகளில் எழுதுமேசைக்கு அவர் வந்துகொண்டேயிருந்தார்.

1822ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் ஹெர்ஷல் உலக வாழ்வை நீத்தார். அவருக்கு அகவை எண்பத்து மூன்று கடந்திருந்தது. யுரேனசு சூரியனை ஒருமுறை சுற்ற எண்பத்து நான்கு ஆண்டுகள் ஆகும். கரோலின் ஹனோவருக்குத் திரும்பி, மருகர் ஜானின் ஆய்வுக்கு உதவும் வகையில் ஒண்முகில்கள் அனைத்தையும் புதுமுறையில் வரிசைப்படுத்தி எழுதியனுப்பினார். அதற்காக வானநூற் கழகம் 1828ஆம் ஆண்டில் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது. 1848ஆம் ஆண்டில், தொண்ணூற்றேழு அகவை நிரம்பியவராய் அவர் மறைந்தார்.

ஹெர்ஷலின் மைந்தர் ஜானும் பெரும் வானநூலார். ஸ்லௌவிலிருந்த நாற்பதடித் தொலைநோக்கியின் மரச்சட்டங்கள் உளுத்துப்போனமையால், 1839ஆம் ஆண்டில் அதனைப் பிரித்து இறக்கி, குழாயைத் தோட்டத்தில் கிடத்தினார். அவ்வாண்டின் கடைசி இரவில் அவரும் அவர் மனைவியாரும் குழந்தைகளும் அக்குழாயினுள் சென்று அமர்ந்து, அதற்கென ஜான் இயற்றிய பாட்டொன்றைப் பாடினர்.